பழைய எழுத்துரு

கதையெழுதிப் பழகாத கை இது. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வானதியும் சுடர்விழியும் தஞ்சாவூரில் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்துவந்த தோழிகள். வேதாரண்யம் வரை அலைந்து திரட்டிய வாய்க்கால் பெயர்களைப் பற்றிச் சுடர்விழி எழுதிய மாநாட்டுக் கட்டுரையைப் பேராசிரியர் வாயாரப் புகழ்ந்தார். வானதியின் கட்டுரைக்குக் கிடைத்தது "பரவாயில்லைம்மா" மட்டுமே. அன்றே அவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது.

கட்டுரை அனுப்பவேண்டிய கடைசி நாளன்று சுடர்விழி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"ஒரு தடவை பாருடி. உன் கண்ணு பட்டா பிழையெல்லாம் ஓடிடும்."

கட்டுரை பழைய எழுத்துருவில் இருந்தது. யுனிகோடுக்கு மாற்றாமல் அனுப்பினால், திறப்பவர்களுக்கு ஓர் எழுத்தும் புரியாது என்பதை வானதி அறிவாள்.

"அருமையா இருக்கு. அனுப்புடி" என்றாள்.

வானதியின் கட்டுரை ஏற்கப்பட்டது. சுடர்விழிக்கோ, எழுத்துகள் சிதைந்துள்ளன, கெடுவும் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

"உன்னோடது மட்டும் எப்படிடி சரியா போச்சு?"

"யுனிகோடுக்கு மாத்திட்டேன்ல" என்று வானதி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"எப்ப மாத்தின?"

"கடைசி நாளுக்கு முந்தின நாளே."

சுடர்விழி அவளையே பார்த்தாள். "அப்ப தெரிஞ்சுதான் அனுப்பச் சொன்னியா?"

வானதி கூசிப்போய் மாநாட்டுக்கும் செல்லவில்லை; அவள் கட்டுரையும் வாசிக்கப்படாமலே போயிற்று.

இழந்தவை: சுடர்விழியின் கட்டுரை, வானதியின் கட்டுரை, இருவரின் நட்பு.