அங்கிக்குள் பிடரி முடி

தம்தினின் அங்கியில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தைக்கத்தான் அங்கியை எடுத்தேன் என்று யாஞ்மா பிறகு பலமுறை தனக்கே சொல்லிக்கொண்டாள். பொய். பொத்தான் தைக்கிறவளுக்கு உள்பையில் என்ன வேலை?

பைக்குள் துணியில் சுற்றிய ஐந்து முடிக்கற்றைகள். குதிரைப் பிடரி முடி. குதிரையை விற்கிறவன் பிடரியில் கொஞ்சம் அறுத்து வைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் வீட்டுச் செல்வமும் அதன் பின்னாலேயே போய்விடும். அப்படியானால் ஐந்து குதிரைகள் கைமாறியிருக்கின்றன. மூன்று கற்றைகள் கறுப்பு. இரண்டு செம்பட்டை.

செம்பட்டைக் கற்றைகளை யாஞ்மா தனியே எடுத்துப் பார்த்தாள். மூன்று வயதில் அவளுக்கு முதல் முடி இறக்கிய அன்று அப்பா கொடுத்த பெட்டைக் குட்டி செம்பட்டை. அது ஈன்ற இரண்டும் செம்பட்டை. பனியில் ஆடுகளைத் தேடிப் போன அப்பா திரும்பவில்லை, குதிரைகள் மிஞ்சின. அவற்றை விற்றுத்தான் தலைநகர் உலான்பாதரில் நர்சிங் படிக்கப் போகிறாள். இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி வகுப்பு.

அம்மா பூஜ்மா பித்தப்பைக் கல்லுக்காக மாகாண ஆஸ்பத்திரியில் படுத்து இரண்டு வாரம். அவளைப் பார்க்கப் போகிறேன் என்று தம்தின் மோட்டார்பைக்கில் கிளம்பினால் மறுநாள்தான் வருகிறார். ராத்திரி முழுக்க யார் நோயாளியைப் பார்க்க விடுகிறார்கள்? அம்மாவைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் முன்னால் வந்து சேர்ந்த ஆள். முதல் வருஷம் அவர் வாங்கி வந்த புத்தகப்பையை யாஞ்மா வாசலிலேயே போட்டுவிட்டாள். அது மழையில் ஊறி, நாய் கடித்துப் போனது.

தம்தின் உள்ளே வந்தவர் அங்கியைப் பார்த்தார்.

"அட, பொத்தான் தைச்சிட்டியா? மழை கொட்டப்போகுது இன்னைக்கு."

"சும்மா இருந்தேன், தைச்சேன்."

சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். ஆனால் வாங்கியதும் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"குதிரைங்கல்லாம் எங்க மேயுது?" என்று கேட்டாள்.

"ரெண்டு கணவாய் தாண்டி. நல்லா இருக்குதுங்க."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

இருநூறு ஆடுகளை விட்டுவிட்டு இரண்டு கணவாய் தாண்டிப் போய் அவளால் பார்க்க முடியாது. அது அவருக்கும் தெரியும். மறுநாள் குன்றின் உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, அம்மாவின் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

தாய்மாமன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. செவ்ஜித் மாமா தன் பழைய ஜீப்பில் சாயங்காலமே வந்து இறங்கினார். தேநீர்க் கிண்ணத்தைக்கூட வாங்கவில்லை.

"குதிரையை வித்தியா?"

"வித்தேன்," என்றார் தம்தின்.

"பணம் எங்க?"

"செலவாயிடுச்சு."

"குடிச்சியா? இல்ல டவுன்ல எவளாவது இருக்காளா?"

தம்தின் மாமாவைப் பார்க்கவில்லை. யாஞ்மாவைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. உன்னுதை நான் எடுத்தேன்னு நெனைக்கிறியா?"

"பையில முடி இருக்கே," என்றாள். "எடுத்தீங்க."

"சரி," என்றார். சேணத்தையும் அங்கியையும் மாமாவே வெளியே தூக்கி வைத்தார். பைக் சத்தம் தேய்ந்து போகும்வரை யாஞ்மா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நியாயம் ஜெயித்தது என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது அவளுக்கு, பாவி.

அடுத்த நாள் மாமாவின் பையன்கள் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள, இருவரும் ஜீப்பில் கணவாய் தாண்டினார்கள். ஓடைக்கரையில் செம்பட்டைப் பெட்டை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு குட்டிகளும் பக்கத்திலேயே. மாமா இரண்டு தடவை எண்ணினார்.

"உன்னுது மூணும் இருக்கே. உங்கம்மாவோடதும் இருக்கு. எதைடி வித்தான்?"

யாஞ்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்தின் இந்தக் குடும்பத்துக்கு வரும்போது ஐந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்று கறுப்பு, இரண்டு செம்பட்டை. அவருக்கென்றும் ஏதோ உண்டு என்பதே மூன்று வருஷமாக அவள் ஞாபகத்தில் இல்லை.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் போட்டாள். காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், ஒரு வருஷத்துக்கும் கட்டிய ரசீது.

"அரசாங்க உதவின்னு சொல்லச் சொன்னாரு. தான் குடுத்தா அந்தப் பை மாதிரி தூக்கிப் போட்டுடுவான்னாரு. உன் குதிரைங்க உங்கப்பா ஞாபகமா இருக்கட்டும்னாரு. ராத்திரியில எங்க போனாருன்னு தெரியுமா? என் வார்டு வராந்தாவுல பெஞ்சில படுத்திருந்தாரு."

யாஞ்மா அழுதாள். அழுது என்ன செய்ய? ஆகஸ்ட் இருபத்தெட்டு. அம்மா ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. மாமாவுக்கு அவர் மந்தையே தலைக்குமேல். இவள் பஸ் ஏறினால் இருநூறு ஆடுகளுக்கு ஆளில்லை. ஏறாவிட்டால் கட்டிய பணத்தோடு படிப்பும் போச்சு.

மறுநாள் குதிரையேறிப் பெரிய ஆற்றின் அக்கரைக்குப் போனாள். அங்கே ஒரு குடும்பத்தில் தம்தின் கூலிக்கு ஆடு மேய்ப்பதாகக் கேள்வி. "நாயைப் பிடிங்க!" என்று கூடாரத்துக்கு வெளியே நின்று கத்தினாள். அவரே வந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். "வீட்டுக்கு வாங்க."

"பஸ் எப்ப?"

"நாளன்னைக்குக் காலையில."

"நீ ஏறு. நாளைக்கே வந்துடறேன். உங்கம்மாவையும் ஆட்டையும் நான் பாத்துக்கறேன்."

அவர் நாயைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு மட்டும் செய். லீவுக்கு வர்ற தேதியை அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடு. நீ இருக்கற நாள்ல நான் தூர மேய்ச்சலுக்குப் போயிடறேன்."