அண்ணன் அடித்த மருந்து

முதுகில் தெளிப்பானோடு வரப்பில் நின்று அண்ணன் சிரித்தான். அவன் நின்றது என் வரப்பில். என் மக்காச்சோள இலைகளிலிருந்து பூச்சிமருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"டேங்க்ல மிச்சம் இருந்துச்சு பாப்பா. உனக்குத்தான் தோள்வலியாச்சேன்னு உன் பக்கமும் சேத்து அடிச்சுட்டேன்."

இவனை என்ன செய்வது? நேற்றுதான் வரிசை வரிசையாகக் குனிந்து, இலைகளின் அடியில் ஒட்டுண்ணிக் குளவி பொதிந்த காகித அட்டைகளைக் குத்தி வைத்தேன். அவற்றிலிருந்து கடுகைவிடச் சிறிய குளவிகள் வரும். பயிரைத் தின்னும் படைப்புழுவின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இட்டு, புழு பிறப்பதற்கு முன்பே அதன் கதையை முடித்துவிடும். அட்டை கொடுத்த ஆய்வுக்கூடத்துப் பெண் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினாள், மருந்துப் பக்கமே போகாதீர்கள் என்று. நான் போகவில்லை. மருந்துதான் என்னைத் தேடி வந்திருக்கிறது, அதுவும் பாசத்தோடு.

"அண்ணே, அட்டை வச்சிருக்கேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. அது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டும் சேந்தா இன்னும் நல்லதுதானே?"

தலையில் அடித்துக்கொண்டேன். போன முறை மழை வரவேண்டிய நேரத்தில் வராமல், வெயில் காய்ச்சித் தள்ளி, புழு பெருகிப் போனது. மாற்றி மாற்றி அடித்த மருந்தெல்லாம் அதற்கு டீ குடித்த மாதிரி. கதிரே தேறவில்லை. இந்த முறையும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியே வேலை பார் என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது தெரிந்துதான் அண்ணன் ஓடி வந்து உதவியிருக்கிறான். திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அழுகைதான் வந்தது.

"வேற அட்டை வாங்கி வச்சுக்கலாமே?"

"மருந்து வீரியம் போறவரைக்கும் எந்தக் குளவியும் பொழைக்காது. அதுக்குள்ள புழு மொத்தத்தையும் தின்னு முடிச்சிடும்."

ஓர் அட்டையைப் பிய்த்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஈரத்தில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"இதுதான் குளவியா?" என்றான். குரல் இறங்கிவிட்டது. "புழுவும் செத்திருக்கும்ல பாப்பா?"

அவனே பக்கத்துச் செடியின் குருத்தை விரித்தான்.

உள்ளே, மருந்தில் நனைந்த முதுகோடு ஒரு புழு தின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தின்னத் தொடங்கியது.