சத்தம் புகாத அறை

கட்டிலின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. இன்ஷிராஹ் அப்பாவின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கட்டிலோடு ஓடினாள். கால்மாட்டில் தம்பி ரகப் தள்ளினான். நர்ஸ் மார்செல் சலைன் பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வார்டு வாசலில் அடுத்த கட்டில்காரரின் மனைவி உம்மு சையத் வழியை மறித்தாள். "போங்க, போங்க. என் வாய்தான் உங்கப்பாவைத் தூங்கவிடலைன்னு ஊரெல்லாம் சொல்லுங்க" என்றாள். சொன்ன கையோடு, அரிசி அடைத்த முட்டைக்கோஸ் சுருள் நாலைந்தைப் பொட்டலமாக்கி அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டாள்.

பாவம், குற்றம் அவள் வாயில் மட்டுமா? அந்த வார்டின் சுவரெல்லாம் வழவழப்பான ஓடு, தரையெல்லாம் சலவைக்கல், கூரையோ எட்டாத உயரம். ஒரு தட்டு விழுந்தால் அந்தச் சத்தம் நாலு சுவரையும் தொட்டுவிட்டுத்தான் அடங்கும். பார்வையாளர் நேரம் வந்தால் பாதி மஹல்லா ஊரே உள்ளே நிற்கும். ஒருவர் கைப்பேசியில் ஓதல் ஓடும், இன்னொருவர் கைப்பேசியில் பந்தாட்டம். ஏதோ ஒரு கருவி எப்போதும் அலறிக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அதற்கு நடுவில்தான் அப்பா ஷெஹாதா கிடந்தார். கண்ணை மூடவே இல்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் எதையோ தேடித் தேடி முடிச்சிட்டுக்கொண்டிருந்தன. தூக்கமில்லாமல்தான் புத்தி இப்படிக் கலங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனி நாள் அதிகமில்லை, ஆனால் நன்றாகத் தூங்கினால் தெளிந்து நாலு வார்த்தை பேசலாம் என்றும் சொன்னார். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் இன்ஷிராஹ் யார் யாரையோ கெஞ்சி இந்த மூலை அறையை வாங்கியிருந்தாள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது. அவளைப் பார்க்கிறார், யாரென்று தெரியாமல் பார்க்கிறார்.

மூலை அறை முன்னொரு காலத்தில் ஆஸ்பத்திரிப் பெரியவர் விருந்தாளிகளை உட்காரவைத்த இடம். தரையில் கம்பளம், ஜன்னலில் கனத்த திரை, கூரையில் மெத்தென்ற பலகை. மார்செல் கதவைச் சாத்தினாள். உலகமே வாயை மூடிக்கொண்டது.

அப்பாவின் விரல்கள் நின்றன.

'தூங்கப்போகிறார்' என்று இன்ஷிராஹ் மகிழ்ந்தாள். அவரோ தலையைத் தூக்கினார். "யார் நிறுத்தினது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நிக்கலப்பா. தூங்குங்க."

"யாருக்கு மாட்டிச்சு?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் ஏதோ சத்தம் அவரை உறுத்துகிறது என்று நினைத்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி நாற்காலி மெத்தைக்கடியில் புதைத்தாள். கை வளையல்களைக் கழற்றினாள். ரகப்பை மூச்சுகூட மெதுவாக விடச் சொன்னாள். அறை அடங்க அடங்க அப்பா துடித்தார். எலும்பாகிப்போன காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டு இறங்கப் பார்த்தார். ரகப் அவர் தோளை அழுத்திப் பிடித்தபடி, "இதுக்குத்தான் இந்த அறையா அக்கா?" என்றான்.

"யாருக்கு மாட்டிச்சு? சொல்லுங்கடா."

அப்போதுதான் அவளுக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. சின்னப் பெண்ணாக, தறி ஓட்டும் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நெசவாலை வாசலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். தறிச் சத்தம் சட்டென்று நின்றது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். தறி நின்றால் உள்ளே யாரோ ஒருவர் கை மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். யார் என்பதுதான் தெரியாது.

அப்படியானால் வார்டில் இத்தனை நாளும் அப்பா தவித்துக்கொண்டா இருந்தார்? இல்லை, வேலையில் இருந்தாரா? அந்த விரல்கள் அறுந்த இழையையா முடிந்துகொண்டிருந்தன? வேலை நேரத்தில் யார் தூங்குவார்கள்? அவளுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

கதவைப் பார்த்தாள். திறந்தால் அவர் தூங்கப்போவதில்லை. தூங்காவிட்டால் அந்த நாலு வார்த்தையும் இல்லை.

போய்த் திறந்தாள்.

பார்வையாளர் நேரம் அது. தள்ளுவண்டி, கைப்பேசி, கருவியின் அலறல், உம்மு சையத்தின் சிரிப்பு எல்லாம் ஒன்றாக நுழைந்தன. அப்பாவின் தோள் தளர்ந்தது. தலை தலையணையில் சாய்ந்தது. விரல்கள் மெல்ல முடிச்சிட ஆரம்பித்தன.

பிறகு அவர் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தறிக்கூடத்து இரைச்சலில் யாரும் குரலால் பேசுவதில்லை, உதட்டால்தான். அந்தப் பேச்சு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாலோடு வந்தது.

*நீ போய் டீ குடிச்சிட்டு வா. நான் பாத்துக்கறேன்.*

மகளிடம் சொன்னாரா, பக்கத்துத் தறிக்காரனிடம் சொன்னாரா? பெயர் சொல்லவில்லை. அவளும் உதட்டை மட்டும் அசைத்தாள். *சரி.*

நடைக்கூடத்தில் உம்மு சையத் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். "அரண்மனைக்குப் போனவங்களுக்கும் எங்க டீதான் வேணுமாக்கும்" என்றாள். கேட்காமலே இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

இன்ஷிராஹ் கிளாஸோடு திரும்பியபோது ரகப் அப்பாவின் காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகம் நனைந்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை, இந்தச் சத்தத்தில் மூச்சு நின்றது கேட்கவில்லை என்றான். போர்வையின் மேல் இரண்டு விரல்கள் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தன.

மார்செல் வந்து நாடி பார்த்தாள். கையிலிருந்த சலைன் ஊசியைக் கழற்றினாள். மரியாதைக்காகக் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். கம்பளமும் திரையும் எல்லாவற்றையும் விழுங்கின.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஷிராஹ் எழுந்து நின்றாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அது தானாக மூடப் பார்த்தது. ஒரு செருப்பைக் கழற்றி அடியில் செருகினாள்.

"வெளியே சிரிக்கிறாங்களேம்மா" என்றாள் மார்செல்.

"சிரிக்கட்டும்."

ஒற்றைச் செருப்போடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போவதற்குள் டீயைக் குடித்தாள்.