வக்கீல் வீபேர் போட்ட ஹாரோ

எங்கள் ஜெர்ஸித் தீவில் வக்கீல் கிளெமென் வீபேர் பதினெட்டு வருடமாகத் தீவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் காத்திருந்தே கிழவர்களானார்கள். புத்தகமோ முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. அது முழுக்க ஊர்ப் பொதுநிலத்தில் நின்ற ஆதிகாலக் கல்லறைப் பாறைகளைப் பற்றியது.

ஒருநாள் காலை ஊர்த்தலைவர் ரெனூஃப், துறைமுகச் சாலைக்கு ஜல்லி வேண்டுமென்று, சம்மட்டியோடு பன்னிரண்டு ஆட்களை அங்கே இறக்கிவிட்டார். வீபேர் கோர்ட் எழுத்தர்களான எங்கள் இருவரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பாறை முன்னால் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டார். அந்த வழுக்கையின் பளபளப்பு பிரான்ஸ் கரை வரை தெரிந்திருக்கும்.

"ஹாரோ, ஹாரோ, ஹாரோ. இளவரசே, உதவிக்கு வாரும், எனக்கு அநியாயம் நடக்கிறது."

பிறகு பிரெஞ்சில் கர்த்தர் ஜெபம். அந்தக் குரலுக்கு மூன்று ஊர்ப் பசுக்கள் மடி வற்றின.

ஹாரோ என்பது அநியாயத்தைத் தடுக்க அந்தக் கால நார்மன் இளவரசனைக் கூவி அழைக்கும் எங்கள் தீவுச் சட்டம்; அது விழுந்தால் கோர்ட் தீர்க்கும்வரை எவனும் கைவைக்கக் கூடாது. ஆனால் சொந்த நிலத்துக்குத்தான் கூவலாம். மீறிக் கூவினால் கோட்டைச் சிறை.

"வக்கீலய்யா, இங்க ஒரு முட்டைக்கோஸ் நடக்கூட உங்களுக்கு இடம் கிடையாதே," என்றார் ரெனூஃப். "கோட்டையில உக்காந்து மீன் முள்ளு எண்ணப் போறீங்க."

"எண்ணிட்டுப் போறேன். முதல்ல சம்மட்டிய கீழ வைக்கச் சொல்லுங்க."

ஆட்கள் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். "ஹாரோ விழுந்திருச்சு தலைவரே. செத்தாலும் தொடமாட்டோம்."

வீபேர் மண்டியிட்டபடியே சிரித்தார். "உங்க அப்பா இந்தக் கல்ல ஒரே போடுல பொளந்திருப்பாரு ரெனூஃப். உங்களுக்கு வாய் மட்டும்தான்."

ரெனூஃபின் முகம் வேகவைத்த நண்டாகச் சிவந்தது. சம்மட்டியை எடுத்து ஓங்கிப் போட்டார். நகத்தளவு சில்லு தெறித்தது.

"எழுதிக்கப்பா," என்று வீபேர் என்னிடம் சொல்லி, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஹாரோவுக்கு அப்புறம் ஒரு அடி. அடிச்சது ஊர்த்தலைவர்."

கூவியது தப்பானாலும் அதை மீறியது அதைவிடப் பெரிய தப்பு. கோர்ட்டில் ரெனூஃபின் பதவி போனது. சாலை பாறைகளைச் சுற்றிப் போகட்டும் என்று தீர்ப்பானது. அடுத்து நீதிபதி வீபேரைப் பார்த்தார்.

"நிலம் உம்முடையதில்லைன்னு தெரிஞ்சேதான் கூவினீரா?"

"தெரிஞ்சேதான்."

"வருத்தம் தெரிவிச்சா விட்டுடறேன்."

"வருத்தமே இல்லீங்களே. இன்னொருத்தன் சம்மட்டியோட வந்தா இன்னொரு தடவ கூவுவேன். முழங்கால் தேஞ்சா படுத்துக்கிட்டுக் கூவுவேன்."

நீதிபதி ஒருநாள் சிறை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வீபேர் வாசலைத் தாண்டிவிட்டார். கோட்டை வரைக்கும் காவலன்தான் மூச்சிரைக்க அவர் பின்னால் ஓடினான்.