பஞ்சு வெளுக்கும் வரை

ஏழு வருஷத் தடை முடிந்து, ஆண்டவரின் உடலும் ரத்தமுமாக அப்பமும் திராட்சை ரசமும் தரும் நற்கருணையை வாங்க சேவஸ்தியாவுக்கு அனுமதி கிடைத்திருந்த அந்த ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குருத்து ஞாயிறன்று, அவளுடைய கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிக்கொண்டது.

கோவிலிலிருந்து கையில் குருத்தோலைக்குப் பதிலாகக் கொடுக்கும் வில்லோக் கிளையும் கன்னத்தில் கைக்குட்டையுமாக அவள் வந்து நின்றதைப் பார்த்து அவள் புருஷன் கொஸ்தாக்கேக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"என்ன, சாமியார் அறைஞ்சாரா?"

"சிரி மனுஷா, சிரி. பல்லு போற வலி எனக்குத்தானே தெரியும்."

சிரிப்பு நிலைக்கவில்லை. மற்றவர்களுக்குப் பல்வலி என்றால் பல்வலி மட்டும்தான். சேவஸ்தியாவின் இதயத்தில் இருந்தது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமலிருக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தினமும் சாயங்காலம் அவள் விழுங்கியாக வேண்டும். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது கொஸ்தாக்கேயின் வேலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். இவ்வளவு சின்ன பாரத்தைத் தூக்க இவ்வளவு பெரிய ஆளா என்று அவள் கேலி செய்வாள். அந்த வால்வு திறந்து மூடும் சத்தம் அமைதியான அறையில் டிக் டிக்கென்று வெளியே கேட்கும். "எங்க வீட்டுல கடியாரத்துக்குச் சாவி குடுக்க வேண்டாம், மாத்திரை குடுத்தா போதும்" என்று அவனும் வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

தடை வந்த கதை பழையது. காய்ச்சலில் இதயம் கெட்டிருந்த இளம் வயதில் அவளுக்குக் குழந்தை தங்கியது. பெற்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் காதோடு காதாகச் சொன்னார். கலைப்பது அப்போது சட்டப்படி குற்றம். யாரோ ஒருத்தியின் சமையலறையில், ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, அது நடந்தது. விளக்குப் பிடித்தது கொஸ்தாக்கே. பல வருஷம் கழித்து, வால்வு வைத்த பிறகு, சேவஸ்தியா கோவிலுக்குப் போக ஆரம்பித்தாள். செய்த பாவங்களைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாள். அப்போதிருந்த வயதான பாதிரியார் ஏழு வருஷம் நற்கருணை கிடையாது என்று விதித்துவிட்டார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மற்றவர்கள் நற்கருணை ஊட்டும் கரண்டிக்கு வாய் திறக்க, அவள் தூணோரம் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

"தண்டனைன்னா எனக்கும் சேர்த்துல்ல குடுத்திருக்கணும்? விளக்குப் பிடிச்சவன் நான்" என்று கொஸ்தாக்கே சொல்வதுண்டு. அவன் கோவிலுக்குப் போகாதவன். அவனை யாரும் எதிலிருந்தும் தடுக்கவில்லை. அதுவேதான் அவனை உறுத்தியது என்று சொன்னால் ஓரளவுக்குச் சரியாக இருக்கும்.

திங்கட்கிழமை பல் டாக்டர் ருக்சாந்த்ரா முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சின்ன வயது, பொறுமைசாலி. பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தாள்.

"சேவஸ்தியாம்மா, நோன்புக்கு என்ன சாப்பிடறீங்க?"

"காஞ்சொறிக் கீரைதான். வேற என்ன இருக்கு இப்ப?"

"அதான். கீரை மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும். உங்க ரத்தம் இளகியிருக்கிற அளவு இப்ப அடிக்கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. பல்லு எடுக்க இது போதும். ஆனா இதுக்குக் கீழ எறங்கக் கூடாது. கீரையைக் குறைங்க."

"பல்லு எடுக்கிறதுக்கு மாத்திரையை நிறுத்தணும்பாங்களே?" என்றான் கொஸ்தாக்கே.

"முன்னாடி அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. இவங்களுக்கு நிறுத்தவே கூடாது. வாயில ரத்தம் வந்தா நான் அமுக்கி நிறுத்திடுவேன், தையல் போடுவேன். உள்ள உறைஞ்சிடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பல்லை எடுத்தாள். குழியில் எதையோ வைத்து அடைத்துத் தையல் போட்டாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாள். "சில நாளைக்கு எச்சில் இளஞ்சிவப்பாத்தான் வரும். அது பயமில்ல. ரத்தம் கட்டி கட்டியா நிக்காம வந்தா எந்நேரமும் எனக்குப் போன் பண்ணுங்க. அண்ணே, உங்ககிட்டதான் சொல்றேன், மாத்திரை உங்க பொறுப்பு."

"நாப்பது டன்னு தூக்கின கைம்மா இது" என்றான் கொஸ்தாக்கே, பெருமையாக.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தெக்லா ஒரு பை நிறையக் காஞ்சொறியோடு வந்தாள். நல்ல மனசுக்காரி. சேவஸ்தியா தொட்டியில் துப்பியதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ரத்தமாடி அது?"

"பல்லு எடுத்தேன்ல. கொஞ்ச நாளைக்கு இப்படித்தானாம்."

"அப்ப ஈஸ்டருக்கு எப்படி வாங்குவ? வாயில ரத்தம் கசிஞ்சா நற்கருணை வாங்கக் கூடாதே. வாங்கிட்டு நீ துப்பினா ஆண்டவரோட ரத்தமும் சாக்கடைக்கில்ல போகும்? எங்கம்மா காலத்துல இருந்து இதானே முறை. தெரியாதா உனக்கு?"

சேவஸ்தியாவுக்குத் தெரியும். பல்வலியில் மறந்திருந்தாள். முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போய் அந்த க்ரிகோரே ஃபாதரையே கேளேன்" என்றான் கொஸ்தாக்கே. "புது ஆளு. அவருதானே இந்த ஈஸ்டருக்கு வாங்க வரச் சொன்னாரு."

"கேட்டு, அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாருன்னா?"

"அடுத்த வருஷம் வாங்கிக்கோ."

ஏழு வருஷமாக அவளிடம் எல்லோரும் சொன்னது அதைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் மாத்திரையும் தண்ணீருமாக வந்தபோது அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்."

"ஏ பொம்பளை, டாக்டரம்மா என்ன சொன்னா?"

"ஒரே ஒரு நாள். ரத்தம் கெட்டியாகி வாய் சுத்தமானதும் திரும்பப் போட்டுக்கறேன்."

"அந்தச் சாமிக்கு உன் வாய் சுத்தமா இருக்கிறதுதான் முக்கியமா? நீ இருக்கிறது முக்கியமில்லையா?"

"அவரை ஏன் இழுக்கிற? இது எனக்கு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கொஸ்தாக்கே, அன்னைக்கு நான் கலைக்க வேண்டாம்னு அழுதேன். நீ எனக்காகத்தான் விளக்குப் பிடிச்ச. இன்னைக்கும் எனக்காகச் சும்மா இரு."

இத்தனை வருஷத்தில் அவள் அதை அவனிடம் எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மாத்திரையைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தானே குடித்தான்.

புதன்கிழமை காலையில் அவள் ஒரு துண்டுப் பஞ்சை ஈறில் வைத்துக் கடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. அன்று சாயங்காலமும் மாத்திரை போடவில்லை. பெரிய வியாழனன்று ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டே கடித்துப் பார்த்தாள். சாயம் பட்ட விரலா, ரத்தமா என்று குழம்பி, கையைக் கழுவிவிட்டு இன்னொரு பஞ்சை எடுத்தாள். ஓரத்தில் மெல்லிய நிறம் இன்னும் இருந்தது.

"இதெல்லாம் ஒரு ரத்தமா?" என்றான் கொஸ்தாக்கே. "சாமிக்குக் கண்ணு அவ்வளவு கூர்மையா?"

"உன்னைவிடக் கூர்மை."

சிரித்தார்கள். பல் டாக்டரின் நம்பர் டெலிபோனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. கொஸ்தாக்கே அன்று அதன் பக்கம் போனான். ரிசீவரைக்கூட எடுத்தான். டாக்டரம்மா என்ன சொல்லுவாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எடுத்த ரிசீவரை வைத்தான். வைத்தபோது அவனுக்குத் தோன்றியது பயம் இல்லை. ஒரு பழைய கடனின் ஒரு பங்கைத் தீர்ப்பதுபோல இருந்தது.

பெரிய வெள்ளியன்று காலையில் பஞ்சு வெளுத்திருந்தது.

சேவஸ்தியா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவனிடம் ஓடி வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. வாங்கத்தான் செய்யும், எத்தனை நாள் நோன்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"இன்னைக்கு மாத்திரை" என்றான்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறு. இப்பப் போட்டா திரும்பக் கசியும். வாங்கிட்டு வந்து உன் கையாலயே போடறேன். சத்தியம்."

மத்தியானம் கோவிலில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து படுத்தாள். அவனும் பக்கத்தில் படுத்தான். வீடு அமைதியாக இருந்தது. டிக் டிக் சத்தம் வழக்கம்போலக் கேட்கவில்லை. கம்பளிக்குள் சுற்றி வைத்த கடிகாரம்போல எங்கேயோ ஆழத்தில் மொத்தென்று அடித்தது. கிரேன் இரைச்சலில் பழுதான தன் காது இப்போது முழுக்கவே போய்விட்டது போல என்று நினைத்தான்.

"சேவி, உன் கடியாரம் சத்தம் போடவே இல்லை."

"சந்தோஷமா இருக்குபோல" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே. இருவரும் தூங்கிப்போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன்னால், ஈஸ்டருக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "கொஸ்தாக்கே, அந்த முட்டையை ஆஃப் பண்ணு" என்றாள்.

"எந்த முட்டையை?"

"முட்டை... ஜன்னலை... ஆஃப்..." அவள் எரிச்சலோடு வலது கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டி சட்டைமேலேயே நின்று புகைந்தது. அவள் சரிவதற்குள் அவன் பிடித்துவிட்டான். நாற்பது டன் தூக்கின கைகளுக்கு அவளைக் கட்டிலுக்குக் கொண்டுபோகத் தெம்பில்லை. தரையிலேயே மடியில் போட்டுக்கொண்டு தெக்லாவைக் கூவினான்.

ஆஸ்பத்திரி டாக்டர் இளைஞர். கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை எப்போது நிறுத்தினீர்கள்? யார் சொல்லி? கொஸ்தாக்கே எதையும் மறைக்கவில்லை.

"வால்வு சத்தம் குறைஞ்சுதா? மங்கலாக் கேட்டுச்சா?"

"வெள்ளிக்கிழமை. என் காதுன்னு நெனச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். வால்வில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போயிருந்தது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. விழுங்குவதும் போயிருந்தது.

"இப்பயாவது அந்த மாத்திரையைக் குடுத்துடுங்க டாக்டர். நானே குடுக்கறேன்."

"இப்ப குடுத்தா அடிபட்ட எடத்துல மூளைக்குள்ள ரத்தம் கசியும். கொஞ்ச நாள் பொறுக்கணும்."

"பொறுத்தா வால்வுல இன்னும் கட்டாதா?"

"கட்டலாம்" என்றார் டாக்டர். "அதைத்தான் நாங்களும் யோசிச்சுட்டு இருக்கோம்."

ஈஸ்டர் மணி எல்லாக் கோவில்களிலிருந்தும் அடித்தபோது கொஸ்தாக்கே வராந்தா பெஞ்சில் இருந்தான். தெக்லா ஒரு சிவப்பு முட்டையை அவன் கையில் வைத்துவிட்டு, முந்தைய நாளிலிருந்து அழுத அழுகையையே தொடர்ந்தாள். "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் கொஸ்தாக்கே அண்ணே." அவன் அவளைத் திட்டவில்லை. திட்ட ஆள் தேடும் தெம்பும் அவனிடம் இல்லை.

திங்கட்கிழமை க்ரிகோரே ஃபாதர் வந்தார். கழுத்தில் தொங்கிய சின்னப் பையில் நோயாளிகளுக்கான நற்கருணை இருந்தது. கொஸ்தாக்கே வார்டு வாசலில் அவரை மறித்துக் கேட்டான்.

"ஃபாதர், அவ உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவருக்கு நாற்பது வயதிருக்கும். தரையைப் பார்த்தார். "சத்தியமாத் தெரியலண்ணே. வான்னு சொல்லியிருப்பேன்னு இப்ப சொல்றது சுலபம். கொஞ்ச நாள் கழிச்சு வாங்கிக்கன்னும் சொல்லியிருக்கலாம். அது அவங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு எனக்கு அப்ப தோணியிருக்காது."

உள்ளே போனார்கள். நர்ஸ் பையைப் பார்த்ததுமே எழுந்து வந்தாள்.

"ஃபாதர், வாய் வழியா ஒண்ணும் கூடாது. ஒரு சொட்டுக்கூட. நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

"ஒரு துணுக்கு. நாக்குல வெச்சா போதும்."

"எச்சிலையே விழுங்க முடியல அவங்களால. நாங்க குழாய் வெச்சு உறிஞ்சிட்டு இருக்கோம்."

கொஸ்தாக்கே தட்டில் இருந்த பஞ்சில் ஒரு துண்டு கிள்ளினான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் ஈறில், தையல் இருந்த இடத்தில், மெதுவாக ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். வெள்ளை. ஒரு நூல் அளவு நிறமாவது இருக்காதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். இல்லை.

"கிறிஸ்து உயிர்த்தார்" என்று ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார் ஃபாதர், கட்டிலருகே குனிந்து.

சேவஸ்தியாவின் கண்கள் அவரைக் கண்டுகொண்டன. பதில் சொல்ல முயன்றாள். தொண்டையிலிருந்து ஒரு ஓசை வந்தது. பிறகு அவர் மார்பில் தொங்கிய பையைப் பார்த்தாள். நகரும் இடது கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். தூணோரம் நின்று ஏழு வருஷம் மற்றவர்களிடம் பார்த்த அதே விதமாகத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கோணிய வாயை முடிந்தவரை அகலத் திறந்தாள்.

ஃபாதர் பையைத் திறக்காமல், நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயை எடுத்து அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். சத்தமாக ஜெபம் சொன்னார். முடித்தார்.

அவள் இன்னும் வாயை மூடவில்லை.