வாங்கியவர் கேட்டால்

கங்கைகொண்டானில் பம்புசெட்டுக்கான தானியங்கிக் கருவி செய்துவந்த மந்திரமூர்த்திக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. போட்டிக்காரர் ஒருவர் ஒரு கருவியை வாங்கிவிட்டு, அதன் மென்பொருளின் மூலநிரலைக் கேட்டிருந்தார்.

“அவனுக்கு எதுக்குக் கொடுக்கணும்?”

நிரல் எழுதிய பெர்சிஸ் சொன்னாள்: “ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து மாத்தித்தானே இதைச் செஞ்சோம், அண்ணாச்சி. கருவியை வாங்குனவங்க கேட்டா, மாத்துன நிரலையும் கொடுக்கணும்னு லைசென்ஸ்ல இருக்கு.”

“சும்மா கிடைச்சதுன்னுல்லா நெனச்சேன்!”

“காசு கிடையாது. நிபந்தனை உண்டு.”



“அவன் இதை மாத்தி வித்தா?”

“அவரும் வாங்குதவங்களுக்குக் கொடுக்கணும்.”

“அப்ப அனுப்பிரு. அவன் கருவி கடைக்கு வந்ததும் நாமளும் ஒண்ணு வாங்கிருவோம்.”

பெர்சிஸ் அனுப்பினாள். பாடுபட்டு எழுதிய நிரல். மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.