பன்னிரண்டு நாளுக்கு ஒரு கூண்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோம்போர் வேலையிலிருந்து திரும்பியபோது அவன் கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் எலி மாதிரி ஒரு குட்டிப் பிராணி, ஹாம்ஸ்டர். அவன் மனைவி கிங்கா மூன்று மாதமாக நச்சரித்துக் கேட்டது கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் அதற்காகச் சொல்லி வைத்திருந்த பெரிய கூண்டு வர இன்னும் பன்னிரண்டு நாளாகும் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டாராம்.

"கூண்டு வந்தப்புறம் இதை வாங்கியிருக்கலாமே," என்றாள் கிங்கா.

"என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் என்ன பண்றது?"

அக்ரூட் கொட்டை நிறத்தில் இருந்ததால், ஹங்கேரிய மொழியில் அக்ரூட்டுக்கு உள்ள பெயரையே வைத்து தியோ என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்து முடிப்பதற்குள் தியோ அட்டைப்பெட்டியின் ஒரு மூலையைத் தின்று முடித்திருந்தது. வேறு வழியில்லாமல், மீன் சூப்பு காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரையில் காகிதத்தைக் கிழித்துப் போட்டு அதை உள்ளே விட்டார்கள்.

"கம்பளித் துணி வச்சிருக்கற பிளாஸ்டிக் பெட்டியைக் காலி பண்ணி, மூடியை வெட்டி வலை அடிச்சுட்டா போதும். கூண்டு வர்ற வரைக்கும் தாராளமா ஓடும்," என்றான் ஜோம்போர்.

நல்ல யோசனைதான். ஆனால் கிங்காவின் புத்தி அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.

"எங்க அப்பாவை ஒரு கூண்டு செய்யச் சொல்றேன். உங்க அப்பாகிட்டயும் சொல்றேன்."

"ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே."

"அதுக்குத்தான்."

அவளுடைய அப்பா ஓட்டோ, அவர்கள் இருக்கும் செகெட் நகரத்திலேயே நாற்பது வருஷம் பூட்டு வேலை பார்த்தவர். மாமனார் டேனெஷ், பொயா என்ற ஊரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். பொயாக்காரர்கள் மீன் சூப்பில் சேமியா போல நூடுல்ஸ் போடுவார்கள். செகெட்காரர்களுக்கு அது பெரிய பாவம். கல்யாண விருந்தில் டேனெஷ் பாசத்தோடு ஒரு கரண்டி நூடுல்ஸை எடுத்து ஓட்டோவின் கிண்ணத்தில் போட்டார். ஓட்டோ கிண்ணத்தை அப்படியே மேஜைமேல் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கிங்கா முதலில் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, வீட்டுக்கு ஒரு ஹாம்ஸ்டர் வந்திருக்கு, மாமா அதுக்குக் கூண்டு செஞ்சு எடுத்துட்டு வர்றாரு. பூட்டுக்காரருக்கு எலிப்பொறிதான் செய்ய வரும், கூண்டெல்லாம் வராதுன்னாரு. நான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன்."

அந்தப் பக்கம் போனை டக்கென்று வைத்துவிட்டார். அடுத்து மாமனாருக்கு.

"மாமா, எங்க ஹாம்ஸ்டருக்கு அப்பாவே கூண்டு கொண்டு வர்றாராம். நீங்க சிரமப்பட வேண்டாமாம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கையில குடுத்தா அது விறைச்சுப் போயிடும்னாரு."

"அவரு அப்படிச் சொன்னாரா?"

"நான் ஒண்ணும் சொல்லலை மாமா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். இருவரையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. வேடிக்கை பார்க்கும் ஆசை அதைவிட நிறைய இருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஓட்டோ கொப்பரைக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, சமைக்கப் போறியா?" என்றார். டேனெஷுக்குச் சிரிப்பு வந்தது. யார் சொன்னதென்று ஞாபகம் வந்ததும் இருமி மறைத்துக்கொண்டார்.

ஓட்டோவின் கூண்டு முழு இரும்பு. மூன்று தாழ்ப்பாள், ஒரு சாவி. தியோவை உள்ளே விட்டு, சாவியைத் திருகி எடுத்து, கம்பீரமாகச் சட்டைப்பையில் போட்டார். தியோ இரண்டு கம்பிக்கு நடுவில் மூக்கை நீட்டியது. பிறகு தலை வந்தது. தலை வந்தபின் மீதி உடம்பு வழிந்துகொண்டு வெளியே வந்தது.

"சாவி பத்திரம்," என்று டேனெஷ் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிடித்துக் கொண்டுவந்து டேனெஷின் கூண்டில் விட்டார்கள். அது பழைய ஃப்ரிட்ஜின் வயிறு. முன்னால் கண்ணாடிக் கதவு, சுற்றி ரப்பர்.

"உள்ள லைட்டும் எரியுமோ?" என்று ஓட்டோ ஜன்னலைக் கேட்டார்.

"எரியும்," என்றார் டேனெஷ், பெருமை தாங்காமல்.

"காத்து எந்த வழியா போகும்?"

டேனெஷ் அதை யோசித்திருக்கவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். தியோவுக்கு அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. ஓடிப்போய் புத்தக அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது.

இரண்டு பெரியவர்களும் தரையில் குப்புறப் படுத்து, சூரியகாந்தி விதையை நீட்டியபடி அலமாரிக்கு அடியில் தலையை விட்டார்கள். கிங்கா சமையலறைக்குப் போய் வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கூடத்தில் முணுமுணுப்பு கேட்டது. "எலிப்பொறின்னு நானா சொன்னேன்?" என்று டேனெஷின் குரல் உயர்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

டேனெஷ் தியோவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து கொப்பரையில் விட்டார். பின்னாலேயே ஓட்டோ வந்தார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சாந்தம்.

"கிங்கா, இதுக்கு அடியில போட நல்ல மரத்தூள் வேணும். பைன் மரம் ஆகாது, மூச்சு முட்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில கிடைக்குமாம், போய் வாங்கிட்டு வாம்மா," என்றார் அப்பா.

"நாலு மூட்டையா வாங்கு," என்றார் மாமனார்.

"இந்தச் சின்ன ஜீவனுக்கு நாலு மூட்டையா?"

"தோண்டும்மா. ஆழம் வேணும் அதுக்கு."

டிஸா ஆற்றைத் தாண்டிப் போய், நாலு மூட்டையோடு அவள் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாடிப்படி ஏறும்போதே துளை போடும் மெஷின் சத்தம் கேட்டது. கூடத்தில் யாரும் இல்லை. குளியலறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜோம்போர் திருகாணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

குளியல் தொட்டியின் தண்ணீர் போகும் வாயைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். மேலே முழு நீளத்துக்கும் நெருக்கமான கம்பிவலைச் சட்டம். குழாய் தப்பித் தவறிக்கூடத் திறக்காதபடி அதன்மேல் இரும்பு உறை. சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பதினாறு திருகாணி. தியோவை விடவும் எடுக்கவும் ஒரு சின்னக் கதவு.

"அந்த ரெண்டு கூண்டும் ரொம்பக் குறுகல்," என்றார் டேனெஷ். "சம்பந்தி அளந்து பாத்தாரு. இதுதான் வீட்டுலயே தாராளமான இடம்."

"தற்காலிகம்தானே, பன்னிரண்டு நாள்," என்றார் ஓட்டோ.

"நாங்க எங்க குளிக்கிறது?"

"அதை எங்ககிட்ட ஏம்மா கேக்குற? எனக்கு எலிப்பொறி செய்யத்தான் வரும். சம்பந்திக்கு விறைக்க வைக்கத்தான் தெரியும்."

கிங்காவின் காது சிவந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவன் மூட்டையைப் பிரித்து மரத்தூளைக் கொட்டுவதில் மும்முரமாக இருந்தான். தியோ உள்ளே விழுந்த வேகத்தில் தோண்ட ஆரம்பித்து, வால் நுனியும் தெரியாமல் மறைந்தது. அந்த ஆனந்தத்தைப் பார்த்தபின் வெளியே எடு என்று சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் துண்டும் சோப்புமாக டிராம் ஏறி அப்பா வீட்டுக்குப் போய்க் குளித்தாள். அவர் கதவைத் திறந்து, "வா, வா, சுடுதண்ணி இருக்கு," என்பார். வேறு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நிஜக் கூண்டு வந்தது. தியோவை அதில் விட்டார்கள். ஜோம்போர் திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். திருகாணித் தலைகளை எல்லாம் யாரோ அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். திருப்புளிக்குப் பிடிமானமே இல்லை. அதைக் கழற்றும் கருவி செகெட்டில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்.

கிங்கா போன் போட்டாள்.

"திங்கக்கிழமைக்கு முன்னாடி வர முடியாதும்மா," என்றார் அப்பா. "நான் பொயாவுல இருக்கேன். சம்பந்தி மீன் பிடிக்கக் கூட்டிட்டு வந்திருக்காரு."

பின்னால் யாரோ வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது.